தண்ணீர் ஓடும்வரைதான் வளரும் கல்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த ஹியராபொலிஸ் என்ற ஊரில் தோட்டத்துக்குச் சுவர் எழுப்ப ஒரு தனி வழி இருந்தது. சுவர் வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மண்ணை அணைத்து வாய்க்கால் எடுப்பார்கள். ஊற்றிலிருந்து வரும் வெந்நீரை அதில் திருப்பிவிடுவார்கள். ஓராண்டு போனால் வாய்க்காலுக்குள் கல் படிந்திருக்கும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் இதையே சொல்கிறார்: அந்த ஊர்த் தண்ணீர் எளிதில் கல்லாக உறைவதால், வேலி முழுவதும் ஒரே கல்லாக நிற்குமாம்.

அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது. அந்த மலைச்சரிவைத்தான் இன்று பாமுக்கலே என்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: படிப்படியாக இறங்கும் வெள்ளைத் தொட்டிகள், அவற்றில் தேங்கிய வெளிர்நீலத் தண்ணீர். அந்த வெள்ளைக் கல்லின் பெயர் டிராவர்டைன். நிலவியல் படித்த நாள் முதல் எனக்கு மிகவும் பிடித்த பாறை இதுதான். வட தமிழகத்தில் நாம் ஏறி விளையாடும் குன்றுகளில் பலவும் 250 கோடி ஆண்டு வயதானவை. அவை உருவானதைப் பார்க்க அன்று கண்ணுள்ள எந்த உயிரும் இல்லை. டிராவர்டைனோ நம் கண் முன்னாலேயே பிறக்கிறது. காலையில் ஊற்று நீரில் ஒரு குச்சியைப் போட்டுவைத்தால் சில நாட்களில் அதன்மேல் வெள்ளைத் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோல் பாறைதான். நிலவியல் பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு.

இந்தக் கல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். முக்கியக் காரணம், இதைப் பார்க்கப் போகிறவர்களும் காக்க நினைப்பவர்களும் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கல்லின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. அதை விளக்க முதலில் கொஞ்சம் வேதியியல் பேச வேண்டும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டுச் சேர்த்துவைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் அடைபட்ட காற்றில் இந்த வாயு, வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வாயு கரைந்த தண்ணீர் மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல் வழியாகக் கசியும்போது கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெளிந்த நீர்தான், ஆனால் உள்ளே ஒரு மலையின் துணுக்குகள் கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. நிலத்தடி அழுத்தம் வாயுவைத் தண்ணீருக்குள் அடக்கிவைத்திருக்கும் வரை கல்லும் கரைந்தபடியே இருக்கும். ஊற்றுவாயில் வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் வாயு சீறிக்கொண்டு கிளம்புவது போல, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகிறது. வாயு போனபின் தண்ணீரால் அவ்வளவு சுண்ணாம்பைத் தாங்க முடியாது. இறக்கி வைக்கிறது. இறங்கிய இடத்தில் பாறை.

வெந்நீர் ஆறுவதால்தான் படிகிறது என்று பலர் நினைக்கிறார்கள், வழிகாட்டிப் பலகைகளில்கூட அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு ஆறினால் கட்டியாவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. கால்சியம் கார்பனேட் நேரெதிர். தண்ணீர் சூடாக இருந்தால் அது குறைவாகவே கரையும். ஆறுவது மட்டுமே நடந்தால் தண்ணீர் இன்னும் அதிகக் கல்லைச் சுமக்க முடியும். படிவுக்குக் காரணம் வாயு வெளியேறுவதுதான். ஆவியாவதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு, அவ்வளவுதான். போர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற பாத்திரத்திலும் கெய்சர் கம்பியிலும் படிகிற வெள்ளைப் பக்கை நாம் 'உப்பு' என்கிறோமே, அதில் பெரும்பங்கு இதே கால்சியம் கார்பனேட்தான். அங்கே சூடு வாயுவை விரட்டுகிறது, பாமுக்கலேயில் அழுத்தம் குறைவதும் ஓட்டமும் விரட்டுகின்றன. வினை ஒன்றே.

ஒரு வேறுபாடு உண்டு. பாமுக்கலே அளவுக்குக் கல்லைக் கொண்டுவர மண்ணில் கிடைக்கிற வாயு போதாது. அங்கே வாயு ஆழத்திலிருந்து வருகிறது. மேற்கு துருக்கியின் நிலம் வடக்கு தெற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இழுபட்ட நிலம் பிளந்து, துண்டுகள் கீழே இறங்கி நீண்ட பள்ளத்தாக்குகளாகியிருக்கின்றன. பெரிய மெண்டெரெஸ் ஆறும் கெடிஸ் ஆறும் ஓடும் அப்படிப்பட்ட இரண்டு பள்ளங்கள் ஒன்றை ஒன்று நெருங்கும் இடத்தில் பாமுக்கலேயை உள்ளடக்கிய டெனிஸ்லி வடிநிலம் இருக்கிறது. மேலோடு இழுபட்டு மெலிந்ததால் ஆழத்துச் சூடு அருகில் இருக்கிறது. அடியில் சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த பழைய உருமாறிய பாறைகள். அவை சூடாகும்போது கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகின்றன. மலைமேல் பெய்த மழை பிளவுகள் வழியாக ஆழத்துக்குப் போய், சூடேறி, அந்த வாயுவை நிரப்பிக்கொண்டு, பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் பிளவுக்கோடு வழியாகத் திரும்ப மேலே வருகிறது. எரிமலைக் குழம்பு எதுவும் பக்கத்தில் தேவைப்படவில்லை. பாமுக்கலே ஊற்றுநீர் 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய இளஞ்சூடு. சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் கராஹயித்தில் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல், இரும்பும் கலந்து வருவதால் அங்கே படிவு செக்கச்சிவப்பு.

அதே டெனிஸ்லி மாநிலத்தில் கிசில்டெரே என்ற இடத்தில் 1984-இல் துருக்கியின் முதல் புவிவெப்ப மின்நிலையம் தொடங்கியது. ஆழ்துளைக் கிணற்றில் வெந்நீர் மேலே வரும் வழியிலேயே அழுத்தம் குறைந்து வாயு பிரிந்துவிடும், குழாய்க்குள் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் படிகம், படிந்து அடைத்துக்கொள்ளும். பொறியாளர்கள் அதைச் சுரண்டியும் மருந்து கலந்தும் சமாளித்தார்கள். பிரிகிற வாயுவைப் பிடித்து விற்க அங்கேயே ஓர் ஆலையும் வந்தது. சரிவில் உலகமே பார்க்க வருகிற அதிசயமும் குழாய்க்குள் பொறியாளரின் தலைவலியும் ஒரே படிவு என்பதில் எனக்குத் தீராத வியப்பு உண்டு.

சரி, சரிவு முழுக்க ஒரே பூச்சாகப் படியாமல் ஏன் தொட்டிகளாகப் படிகிறது? நான் மாணவர்களிடம் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் சரிவில் வழியும்போது சின்ன மேடு ஒன்று குறுக்கிட்டால் அதன் மேலே ஏறிக் கடக்கும் நீர் மெல்லிய படலமாகி வேகம் எடுக்கிறது. படலம் மெலிந்தால் வாயு சுலபமாகத் தப்பிக்கும். அங்கே படிவு அதிகம். மேடு வளர்கிறது. மேடு வளர்ந்தால் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய நீர் ஆழமாகவும் மந்தமாகவும் இருப்பதால் அங்கே படிவு குறைவு. ஆக விளிம்பு உயர்ந்துகொண்டே போக, நடுவில் தொட்டி. விளிம்பில் ஓர் இடம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் அதிகம் வழியும், அதனால் அங்கேதான் அதிகம் படியும், தாழ்வு நிரம்பிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்ததைப் போல அந்த விளிம்புகள் கிடைமட்டமாக இருப்பதற்கு இதுவே காரணம். கொத்தனார் இல்லாமல் தண்ணீர் தன்னைத்தானே மட்டம் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் மாமத் வெந்நீர் ஊற்றுகளிலும் இதே வடிவம். இல்லினாய் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் நைஜல் கோல்டன்ஃபெல்டின் குழு 2006-இல் இந்த விதிகளைக் கணினியில் எழுதி ஓடவிட்டபோது, அதே மாதிரித் தொட்டிகள் திரையில் உருவாகின.

பாமுக்கலேயில் இருப்பவை தொட்டிகள் மட்டுமல்ல. சுற்றிப் பார்ப்பவர்கள் தவறவிடும் வடிவம் ஒன்று, எனக்கு அதுவே அதிகப் பிரியம். பழைய பாசன வாய்க்கால்களில் ஓடிய வெந்நீர் தரையிலும் கரையிலும் படிந்து படிந்து வாய்க்காலையே மேலே தூக்கியிருக்கிறது. தரை மட்டத்தில் தொடங்கிய வாய்க்கால் காலப்போக்கில் ஆள் உயரத்தையும் தாண்டிய சுவராக எழுந்து, அதன் உச்சியில் ஒரு குறுகிய தடமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. துருக்கிய, பிரிட்டிஷ் நிலவியலாளர்கள் அவற்றைத் தானே கட்டிக்கொண்ட வாய்க்கால்கள் என்று தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். விட்ருவியஸ் சொன்ன தோட்டச் சுவர்களைப் படித்தவர்களுக்கு அந்தச் சுவர்களின் முன் நிற்கும்போது அவர் மிகைப்படுத்தவில்லை என்பது புரியும்.

கல்லைக் கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓட்டம் வேகமாக இருந்த இடத்தில் படிகங்கள் நெருங்கி அடுக்கி, கெட்டியான பட்டைகளாக இருக்கும். தேங்கிய தொட்டிக்குள் படிந்த கல்லில் குட்டிப் புதர்கள் வரிசையாக முளைத்த மாதிரி ஓர் அமைப்பு தெரியும். அமெரிக்க நிலவியலாளர்கள் ஹென்றி சாஃபெட்ஸும் ராபர்ட் ஃபோக்கும் 1984-இல் இந்தப் புதர்களைப் பாக்டீரியாக் கூட்டங்களோடு இணைத்து எழுதினார்கள். கல் முழுக்க வேதிவினையா, உயிரும் சேர்ந்து கட்டியதா என்ற விவாதம் அதிலிருந்து சூடுபிடித்தது. தொட்டியின் மேற்பரப்பில் காகிதம் போன்ற மெல்லிய கால்சைட் தகடுகள் மிதக்கும், கனத்ததும் அடியில் விழுந்து அப்படியே கல்லில் பதியும். சேற்றிலிருந்து எழும்பும் வாயுக் குமிழியின் மேல்கூடச் சுண்ணாம்பு போர்த்திவிடும். குமிழி உடைந்தாலும் உருண்டைத் துளை கல்லில் நிரந்தரம். நாணல் நின்ற இடத்தில் நாணலின் குழாய் வடிவம். டிராவர்டைன் டைல்ஸில் நாம் பார்க்கிற துளைகளுக்கெல்லாம் இப்படி ஒரு வரலாறு உண்டு. கடைக்காரர்கள் அவற்றைச் சிமெண்ட் கலவையோ பிசினோ வைத்து அடைத்து, மெருகேற்றி விற்கிறார்கள். கல்லின் படுகைக்கு இணையாக அறுத்தால் மேகம் போலப் புள்ளியும் திட்டுமாக வரும், குறுக்கே அறுத்தால் கோடு கோடாக வரும். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சமையலறை மேடைக்கு இதைப் போடாதீர்கள். புளியும் எலுமிச்சையும் புழங்குகிற நம் வீட்டில் அமிலம் பட்ட இடமெல்லாம் கறுத்தோ வெளுத்தோ அரித்துவிடும். அமிலம் கரைத்துக் கொண்டுவந்த கல் அது, மறுபடி அமிலத்தில் கரையத்தான் செய்யும்.

ரோம் நகரத்துக்காரர்களுக்கு இந்தக் கல் நெடுங்கால உறவு. ரோமுக்குக் கிழக்கே டிவோலியின் அடிவாரத்தில் அக்குவே அல்புலே என்ற கந்தக ஊற்றுகளைச் சுற்றிய சமவெளி முழுக்க டிராவர்டைன்தான். கொலோசியத்தின் வெளிச்சுவரும் புனித பேதுரு சதுக்கத்தின் தூண்வரிசையும் அங்கிருந்து போனவை. சுமையையும் மழை வெயிலையும் இது தாங்கும், ஆனால் நெருப்புப் பட்டால் வெடித்துச் சிதறும் என்று விட்ருவியஸ் எச்சரித்திருக்கிறார். வேதியியல் தெரியாத காலத்தில் சொன்ன சரியான எச்சரிக்கை. சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதும் அதே சிதைவின் முழு வடிவம்தானே.

டூஃபா இதற்குத் தம்பி. அதுவும் கால்சியம் கார்பனேட், அதுவும் வாயு போனதால் படிந்தது. ஆனால் வெந்நீரில் அல்ல, சாதாரணக் குளிர்ந்த ஊற்று நீரிலும் ஓடையிலும். குளிர்ந்த நீர் என்பதால் பாசி, புல், செடி எல்லாம் அதில் செழிக்கும். எனவே டூஃபா ஓட்டை ஓட்டையாக, லேசாக, செடிகொடிகளின் அச்சுகளோடு இருக்கும். இதைப் பார்க்க ஆகச் சிறந்த இடம் குரோவேஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள். 16 ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அருவியாக இறங்குகின்றன. இரண்டு ஏரிகளுக்கு நடுவே அணை போல நிற்பது டூஃபா. அருவியில் விழும்போது தண்ணீர் சிதறி வாயு வெளியேறுகிறது. அதோடு அங்கே வளரும் பாசிச் செடிகளும் நுண்பாசிகளும் ஒளிச்சேர்க்கைக்கு வாயுவை எடுத்துக்கொள்கின்றன, படிகங்கள் ஒட்டிக்கொள்ள இலைகளையும் தருகின்றன. பாசியின் அடிப்பகுதி கல்லாகிக்கொண்டிருக்கும்போதே நுனி பச்சையாக மேலே வளர்கிறது. கல் துரத்துகிறது, செடி ஓடுகிறது. இந்தப் பாசிகளின் பங்கை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துச் சொன்னவர் குரோவேஷியத் தாவரவியலாளர் ஐவோ பெவாலெக். 1949-இல் அது தேசியப் பூங்காவானது, 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தண்ணீரில் கழிவோ உரமோ கலந்து அங்கக மாசு கூடினால் படிவு தடைப்படும். எனவே அங்கே அணைகளைப் பாதுகாப்பதென்றால் மேலே இருக்கிற கிராமங்களின் கழிவுநீரிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபடி பாமுக்கலே. தண்ணீரை விட்டுப் போன வாயு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அங்கே பயங்கரமான பதில் ஒன்று இருக்கிறது. ஹியராபொலிஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் அரசர்கள் நிறுவிய நகரம். அதற்குள் புளூட்டோனியன் என்ற பாதாள வாசல் இருந்தது. அதற்குள் கொண்டுபோன காளைகள் செத்து விழும், உடன் போகும் பூசாரிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ராபோ தானே குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்ததாகவும் அவை உடனே செத்ததாகவும் எழுதுகிறார். இத்தாலியத் தொல்லியலாளர் ஃபிரான்செஸ்கோ டாண்ட்ரியாவின் குழு அந்த வாசலைக் கண்டெடுத்த செய்தி 2013-இல் வெளிவந்தது. பிறகு ஜெர்மானிய உயிரியலாளர் ஹார்டி ஃபான்ஸ் அங்கே வாயுவை அளந்து 2018-இல் வெளியிட்டார். பிளவுக்கோட்டிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. இரவில் காற்றோட்டமில்லாதபோது தரையோடு ஓர் ஏரியாகத் தேங்குகிறது. விடியலில் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் 35 சதவீதம்வரை வாயு. வெயில் ஏறினால் கலைந்துவிடும். காளையின் மூக்கு அந்த ஏரிக்குள் இருக்கும், நிமிர்ந்து நின்ற பூசாரியின் மூக்கு அதற்கு மேலே இருக்கும். வெள்ளைத் தொட்டிகளைக் கட்டுவதும் காளைகளைக் கொன்றதும் ஒரே பிளவு வழி வந்த ஒரே வாயு. ஹியராபொலிஸ் மக்கள் அந்த வெந்நீரில் குளித்தார்கள், கம்பளிக்குச் சாயமேற்றினார்கள், அதன் பக்கத்திலேயே பாதாளத்துக்கும் கோயில் கட்டினார்கள். இந்த நிலத்தை அவர்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஆற்று நீரின் விசையில் கல்லறுக்கும் இயந்திரத்தின் மிகப் பழைய சித்திரம் ஒன்றும் அந்த ஊரில்தான் கிடைத்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கற்பேழையின் மேல், நீர்ச்சக்கரத்தின் சுழற்சியைத் தண்டு வழியாக முன்னும் பின்னும் இழுக்கும் ரம்பமாக மாற்றும் அமைப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். இது டிராவர்டைனின் கதையல்ல, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிளவுக்கோடு பழைய நகரத்தின் ஊடாகவே போகிறது. கி.பி. 60-இல் இந்தப் பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் தொடங்கி ஊர் பலமுறை இடிந்து எழுந்திருக்கிறது. நிலநடுக்க வரலாற்றை எழுத டிராவர்டைன் ஒரு நல்ல ஏடு. நிலம் இழுபடும்போது வாய்பிளக்கும் வெடிப்பில் வெந்நீர் மேலே வந்து, வெடிப்பின் இரண்டு பக்கமும் வழிந்து, நீண்ட முதுகு போன்ற மேட்டைக் கட்டும். வெடிப்புக்குள்ளோ செங்குத்தான பட்டைகள் சுவரோரத்திலிருந்து நடுவை நோக்கி வளரும். வெடிப்பு அகல அகலப் புதுப் பட்டை. அந்தப் பட்டைகளின் வயதைக் கண்டுபிடிக்க யுரேனியம் உதவுகிறது. யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த கல்லில் யுரேனியம் இருக்கும், தோரியம் அநேகமாக இருக்காது. யுரேனியம் சிதைந்து தோரியம் சேரச் சேர அது கடிகாரமாகிறது. ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுவரை இந்தக் கடிகாரத்தை நம்பலாம். பட்டையின் அகலமும் வயதும் தெரிந்தால் நிலம் என்ன வேகத்தில் விரிகிறது என்று கணக்கிடலாம். 1999-இல் நிலவியலாளர் பால் ஹான்காக்கும் கூட்டாளிகளும் இந்த முறையை ஒரு தனித் துறையாகவே முன்வைத்தார்கள். சாதாரணமாக நிலவியலாளர்களுக்குக் கிடைப்பது ஆறிப்போன தடயம்தான். இங்கே நகர்ந்த நிலமே தன் நகர்வைப் பட்டை பட்டையாக எழுதிக் கொடுக்கிறது.

சீக்கிரம் படிகிற கல் என்பதால் அது வழியில் அகப்பட்டதையெல்லாம் மூடி வைத்துக்கொள்ளும். 2002-இல் டெனிஸ்லி அருகே கொஜாபாஷ் குவாரியிலிருந்து வந்த டிராவர்டைன் பாறையை டைல்ஸுக்காக அறுத்தபோது மண்டையோட்டின் துண்டுகள் வெளிப்பட்டன. ஹோமோ எரக்டஸ் என்ற ஆதி மனித இனம். அந்த நாட்டில் கிடைத்த அந்த இனத்தின் முதல் மண்டையோடு. முதலில் 5 லட்சம் ஆண்டு என்று மதிப்பிட்டார்கள், 2014-இல் வெளியான ஆய்வு 11 முதல் 13 லட்சம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. உள்பக்கத்தில் இருந்த சிறு குழிகளைக் காசநோயின் தடம் என்று ஒரு குழு சொன்னது, இன்னொரு குழு மறுத்தது. ரம்பத்தின் அலகு போன வழியில் எலும்பின் மற்ற பகுதிகள் போய்விட்டன. அறுக்கும் ஆலைகளில் நிலவியல் தெரிந்த ஒருவர் அவ்வப்போது வந்து பலகைகளைப் பார்க்க ஏற்பாடு இருந்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து உண்டு. உலகம் முழுக்கத் தரைக்கும் குளியலறைக்கும் போய்க்கொண்டிருக்கிற கல் அது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாமுக்கலே சரிவின் தலையில், பழைய நகரத்தின் மேலேயே, விடுதிகள் கட்டினார்கள். ஊற்று நீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போனது. சரிவின் குறுக்கே வண்டிகள் ஏற ஒரு சாலையும் போட்டார்கள். தொட்டிகளுக்குப் போக வேண்டிய நீர் குறைந்ததும் வெள்ளை மங்கியது. புதுப் படிவு வராத இடத்தில் பழைய கல் பழுப்பேறி, பாசி பிடித்து, மழையில் அரிபட்டது. 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின், 1990-களில் விடுதிகளை இடித்து அகற்றினார்கள். சாலையையும் எடுத்துவிட்டு அந்தத் தடத்தில் செயற்கைத் தொட்டிகளை அமைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வெறுங்காலோடு நடந்து போவது பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான். செருப்பு கூடாது என்ற விதி நல்ல விதி. புதிதாகப் படிந்தது தயிர்த் தோல் மாதிரி மிருதுவானது, மிதித்தால் குழைந்துவிடும்.

மேலே கால்வாய்களும் மதகுகளும் இருக்கின்றன. தண்ணீரை முறைவைத்துச் சரிவின் வெவ்வேறு பகுதிகளுக்கு விடுகிறார்கள். ஒரு பகுதியில் சில நாள் ஓடும், பிறகு நிறுத்திக் காயவிடுவார்கள், புதுப் படிவு இறுகும், அதே வேளையில் பாசியும் காய்ந்து போகும். அதனால்தான் பாமுக்கலே போய்வந்த பலர் 'படத்தில் பார்த்தது வேறு, பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன' என்று ஏமாற்றத்தோடு எழுதுகிறார்கள். அவர்கள் பார்த்தது முறைநீர் நிறுத்தப்பட்ட பகுதி. எங்கள் ஊர்ப்பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் மடைக்கு மடை முறை வைப்பதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு அது இயல்பாகவே பட்டது. எல்லாத் தொட்டியும் எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்பது, அந்தச் சரிவை மெல்ல மெல்லப் பச்சையாக்கச் சொல்வதற்குச் சமம்.

தண்ணீரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி சாட்சி. உப்பும் காரமும் மிகுந்த ஏரி. ஏரியின் அடியில் கால்சியம் கொண்ட நன்னீர் ஊற்றுகள் சுரக்கும் இடத்தில், அது ஏரிநீரின் கார்பனேட்டோடு கலந்ததுமே டூஃபா படிந்து கோபுரமாக எழும்பும். இந்தக் கோபுரங்கள் நீருக்கடியில்தான் வளர முடியும். இன்று ஆயிரக்கணக்கான படங்களில் கரையில் நிற்கிற கோபுரங்கள் ஏன் கண்ணுக்குத் தெரிகின்றன? 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டது. 40 ஆண்டில் நீர்மட்டம் 13 மீட்டருக்கு மேல் இறங்கியது. கோபுரங்கள் வெளியே வந்தன, வளர்வது நின்றது. 1983-இல் கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம், இத்தகைய நீர்நிலைகளை மக்களுக்காகக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1994-இல் மாநில நீர்வள வாரியம் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு உயரும்படி தண்ணீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. அந்த மட்டத்தை ஏரி இன்னும் எட்டவில்லை. எட்டினால் இப்போது தெரியும் கோபுரங்களில் பல நீருக்குள் மூழ்கிவிடும், படம் எடுக்க வருகிறவர்களுக்கு வருத்தமாகக்கூட இருக்கலாம். எனக்கு அது நல்ல செய்தியாகவே இருக்கும்.

பாமுக்கலே போக வாய்ப்புக் கிடைத்தால் தொட்டிகளோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கு வாசல் வழியாக நுழைந்தால் முதலில் இடுகாடு வரும். அங்கே ஊற்று நீர் திசை மாறி ஓடிய காலத்தில் சில ரோமானியக் கல்லறைகளைச் சுற்றி டிராவர்டைன் ஏறிப் படிந்து, கல்லறையின் பாதியை விழுங்கியிருக்கிறது. கட்டிய காலம் தெரிந்த கல்லறை என்பதால் அதன்மேல் படிந்த கனத்தைப் பார்த்தே கல் வளரும் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட முடியும். அதற்குப் பிறகு வாய்க்கால் சுவர்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலான குழுச் சுற்றுலாக்கள் அங்கே நிற்பதில்லை. நேரம் இருந்தால் கராஹயித்துக்கும் ஒரு நடை போய்ச் சிவப்புப் படிவைப் பார்த்துவிடுங்கள். ஒரே வடிநிலத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், தண்ணீரில் கொஞ்சம் இரும்பு கூடினால் கல் எப்படி மாறும் என்பது அங்கே தெரியும்.